கலத்தின் கழிவும் கையின் நடுக்கமும்

கலம் என்னும் சொல் திருகோணமலை மக்களுக்கு இரண்டு பொருள் தருவது. துறைமுக மேடையில் நின்று கடலை நோக்குவோருக்கு அது நீரில் மிதந்துவரும் மரக்கலம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பயிலும் மாணவருக்கோ அது உடம்பை ஆக்கும் மிகச் சிறிய உயிரலகு. ஒரே சொல் இவ்விரண்டுக்கும் அமைந்திருப்பது இங்கே விளக்கப்புகும் விடயத்துக்குப் பெரிதும் உதவுகின்றது. திருகோணமலைத் துறை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. எத்துணை ஆழமான துறையாயினும், அங்கு வந்து சேரும் கலங்களின் கழிவுகளை அன்றாடம் அகற்றுவோர் இல்லையெனில் அதன் நிலை யாதாகும்? அறுந்த கயிறும், உடைந்த பெட்டியும், எண்ணெய்க் கழிவும் மேடையில் மலைபோற் குவியும். சில வாரங்களில் சரக்கு இறக்க இடமிராது. பின்னர்த் துறையின் தொழிலே நின்றுவிடும். உடம்பின் கலங்களுள்ளும் இத்தகைய துப்புரவுப் பணி ஓயாது நடைபெறுகின்றது. அப்பணியிற் பரம்பரையாக வரும் ஒரு சிறு குறைபாட்டுக்கும், முதுமையில் வரும் நடுக்குவாதத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்பது கடந்த இருபது ஆண்டுகளுக்குள் உறுதிப்பட்ட செய்தியாகும்.

நடுக்குவாதம் என்று பழைய வைத்தியர்கள் கூறுவதை மேல்நாட்டு மருத்துவம் பார்க்கின்சன் நோய் என்று அழைக்கும். இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் 1817ஆம் ஆண்டில் இதனைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவரே. அவர்களுள்ளும் சிலரை அவர் தம் வைத்தியசாலையிற் கண்டாரல்லர். தெருவிலே நடந்துசெல்லும்போது அவர்களின் நடையையும் கையையும் கண்டு வியந்து குறித்துக்கொண்டார். கூர்ந்து நோக்கும் கண் உடையவருக்குத் தெருவும் ஒரு வைத்தியசாலையே போலும்.

அத்தகைய கண்ணோடு நோக்குவோர் திருகோணமலைக் கடற்கரையிலும் இந்நோயின் அடையாளங்களைக் காணக்கூடும். கரைவலை இழுத்துப் பழகிய ஒரு முதியவர் வேப்பமர நிழலில் அமர்ந்திருக்கின்றார் என்று கொள்வோம். மடியில் ஓய்ந்திருக்கும் அவருடைய வலக்கை, மாத்திரை உருட்டுவதுபோல நடுங்குகின்றது. அவரே வலையூசியைக் கையில் எடுத்ததும் நடுக்கம் தணிகின்றது. இதனைக் காணும் அயலார், “வேண்டுமென்றே நடிக்கின்றார்” என்பர். சிலர் கள்ளின் மேற் பழிபோடுவர். உண்மை என்னவெனில், ஓய்விலே மிகுந்து செயலிலே தணிவது இந்நோயின் நடுக்கத்துக்கே உரிய இயல்பாகும். நடுக்கம் இல்லாமலும் நோய் வருவதுண்டு. நடை தளர்ந்து அடி குறுகும். ஒரு கை வீசாது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முகத்திற் சிரிப்பும் சினமும் தோன்றாது மரப்பாவை போலாகும். வங்கியில் இடும் கையொப்பம் ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே வரும். இவற்றுக்கெல்லாம் பல்லாண்டுகள் முன்னதாகவே மூக்கின் மணவுணர்வு குன்றிவிடுதலும் உண்டு. கருவாடு காயும் முற்றத்தில் இருந்துகொண்டே அதன் வாடையை அறியாத ஒருவரைக் கண்டால், அது வெறும் தடிமன் என்று எப்போதும் ஒதுக்கிவிடலாகாது.

மூளையின் அடிப்பாகத்தில் கருநிறம் வாய்ந்த ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புக்கலங்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரந்து, உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்துகின்றன. பார்க்கின்சன் நோயில் இக்கலங்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. இந்நோயாளரின் மூளைக் கலங்களினுள்ளே உருண்டையான சில திரட்சிகள் தோன்றுவதை 1912ஆம் ஆண்டில் பிரெடரிக் லூயி என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். அத்திரட்சிகள் எதனால் ஆனவை என்பது 85 ஆண்டுகள் வரை புலப்படவில்லை. அல்பா சினுக்கிளீன் என்னும் புரதமே அவற்றின் முதன்மையான பகுதி என்பது 1997ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. உரிய காலத்திற் சிதைக்கப்பட்டு அகற்றப்படவேண்டிய ஒரு புரதம், அகற்றப்படாது கலத்துள்ளே கட்டிபட்டுக் கிடக்கின்றது. துறைமுக மேடையிற் குப்பை குவிந்த கதைதான் இதுவும்.

ஆயின், கலத்தினுள் குப்பை அகற்றுவது யார்? இவ்வினாவுக்கு விடை கிடைத்த விதம் சுவையானது. பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறித்தியான் டி டூவ் என்பவர் ஈரற் கலங்களை அரைத்து, அவற்றிலுள்ள நொதியங்களை அளந்துகொண்டிருந்தார். நொதியம் என்பது உடலினுள் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். ஒரு நொதியத்தின் அளவு, எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்காகவே இருந்தது. அக்கரைசலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்து மீண்டும் அளந்தபோது அது பன்மடங்காகப் பெருகியிருந்தது! வேறொருவராயின் அளவையிற் பிழை நேர்ந்ததென்று கரைசலைக் கொட்டியிருப்பார். டி டூவ் அவ்வாறு செய்யாது, அந்நொதியம் ஏதோ ஒரு பையினுள் அடைபட்டுக் கிடந்து, பை கிழிந்ததும் வெளிப்பட்டிருத்தல் வேண்டும் என்று கருதினார். 1955ஆம் ஆண்டில் அப்பைக்கு இலைசோசோம் என்று பெயரிட்டார். 1974ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இலைசோசோம் என்பது மெல்லிய சவ்வினாற் சூழப்பட்ட அமிலப் பை. அதனுள் ஐம்பதுக்கு மேற்பட்ட நொதியங்கள் உள்ளன. பழுதுற்ற புரதங்களும் கொழுப்புகளும் அப்பையினுட் சென்றால் துண்டு துண்டாக உடைக்கப்பட்டு, மீண்டும் பயன்படும் பொருள்களாக வெளிவரும். கப்பல் உடைக்கும் தளத்திலே பழங்கப்பலைப் பிரித்து இரும்பு வேறு, மரம் வேறு என்று எடுப்பதுபோன்ற தொழில் அது. ஒவ்வொரு நொதியத்துக்கும் உரிய வேலை தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. அவற்றுள் ஒன்றே குளுக்கோசெரிப்ரோசிடேஸ். பெயர் நீண்டதாயினும் அதன் தொழில் சிறியது. சீனிக்கூறு ஒட்டிய ஒருவகைக் கொழுப்பிலிருந்து அச்சீனியை வெட்டிப் பிரிப்பதே அதன் பணி. இந்நொதியத்தை ஆக்குவதற்கான குறிப்பு முதலாம் நிறமூர்த்தத்திலுள்ள ஜீ.பீ.ஏ.1 என்னும் பரம்பரையலகில் எழுதப்பட்டிருக்கின்றது.

அக்குறிப்பில் எழுத்துப் பிழை நேர்வதையே விகாரம் என்கின்றோம். ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. இரண்டும் பிழையாயின் நொதியம் மிகக் குன்றிவிடும். வெட்டப்படாத கொழுப்பு மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பின் உட்சோற்றிலும் தேங்கும். பிள்ளையின் வயிறு பருக்கும்; இரத்தம் குறையும்; எலும்பு நோகும். 1882ஆம் ஆண்டில் பிலிப் கோஷே என்னும் பிரெஞ்சு மருத்துவ மாணவர் இதனை முதன்முதலில் விவரித்தமையால் இது கோஷே நோய் எனப்படுகின்றது. மண்ணீரல் பருத்ததை அவர் ஒருவகைக் கட்டியென்றே எண்ணினார். இந்நொதியக் குறைவே நோய்க்குக் காரணமென்பதை 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரொஸ்கோ பிரேடியும் அவருடைய துணைவர்களும் நிறுவினர். கோஷே நோய் அரியது. எனினும், பிழைப்பட்ட பிரதி ஒரு குடும்பத்தில் இருப்பின், மச்சான் மச்சாளை மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் அப்பிரதிகள் இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்வதற்கான வாய்ப்புச் சற்று மிகுதி. பெற்றோர் இருவரிடமும் பிழைப் பிரதி ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும்.

ஒரு பிரதி மட்டும் பிழைப்பட்டவர் நிலை என்ன? மற்றைப் பிரதி சரியாக இருப்பதால் அவருக்குக் கோஷே நோய் வருவதில்லை. அவர் நோயைக் காவிச் செல்பவரேயன்றி நோயாளர் அல்லர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. அவரைப் பற்றி மேலும் கேட்பதற்கு எதுவும் இல்லையென்றே வைத்தியர்களும் இருந்தனர்.

அந்த எண்ணத்தை மாற்றியது, நோயாளரின் குடும்பக் கதையைப் பொறுமையோடு கேட்ட ஒரு சிலரின் காதே ஆகும். கோஷே நோயாளர் சிலருக்கு வழக்கத்திலும் முந்திய வயதிற் பார்க்கின்சன் நோய் வருவதை 1990களில் வைத்தியர்கள் குறித்துவைத்தனர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் எலன் சிட்ரான்ஸ்கி என்னும் பெண் வைத்தியரின் குழுவினர் கோஷே நோயாளரின் உறவினரையும் உசாவினர். “என் தந்தைக்குக் கை நடுங்கும்”, “என் பாட்டனாரும் அப்படித்தான்” என்னும் பொருள்பட வந்த விடைகள் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்குப் பெருகின. பார்க்கின்சன் நோயால் இறந்தோரிடமிருந்து பெற்றுப் பாதுகாக்கப்பட்ட 57 மூளைகளின் பரம்பரையலகை அக்குழுவினர் ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் 12இல் ஜீ.பீ.ஏ.1 மாற்றங்கள் காணப்பட்டன. அவ்வாண்டிலேயே இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்றும் இதே முடிவைத் தந்தது. ஐயம் எழாமலில்லை. ஆகவே நான்கு கண்டங்களிலுள்ள 16 நிலையங்கள் ஒன்றுகூடி, 5,691 பார்க்கின்சன் நோயாளரையும் நோயற்ற 4,898 பேரையும் ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டன. இவ்விகாரங்கள் நோயாளரிடத்தே ஐந்து மடங்குக்கு மேல் மிகுந்திருந்தன. அதன்பின் எவரும் இத்தொடர்பை மறுக்கவில்லை.

தொடர்பு உண்டென்பது ஒன்று. அது எவ்வழியால் நிகழ்கின்றது என்பது வேறொன்று. பிழைப்பட்ட நொதியம் தன் வடிவிற் சரியாக மடிந்து அமைவதில்லை. ஆகவே ஆக்கப்பட்ட இடத்திலேயே தடுக்கப்பட்டு, இலைசோசோமைச் சென்றடையாது போகின்றது. அங்கு கொழுப்புத் தேங்க, அல்பா சினுக்கிளீனைச் சிதைக்கும் வேலையும் மந்தமாகின்றது. தேங்கிய சினுக்கிளீனோ, எஞ்சியிருக்கும் நல்ல நொதியமும் இலைசோசோமுக்குப் போய்ச் சேராவண்ணம் வழியை அடைக்கின்றது. குப்பை மிகுந்ததாற் குப்பை வண்டியே உள்ளே வரமுடியாமற் போன தெருவை ஒத்த நிலை இது. இந்தச் சுழலை 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் பரிசோதனைக் கலங்களிற் காட்டினர். இவ்விகாரமே இல்லாத பார்க்கின்சன் நோயாளரின் மூளையிலும் இந்நொதியத்தின் செயல் குன்றியிருப்பது, இந்தச் சுழல் நோயின் பொதுவழியாகவே இருக்கலாம் என்று எண்ணத் தூண்டுகின்றது.

இனி, ஒரு குடும்பத்துக்கு இச்செய்தியால் நேர்வது யாது என்று நோக்குதல் வேண்டும். ஒரு வீட்டில் முதியவர் ஒருவருக்கு இவ்விகாரம் இருப்பது தெரியவந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருப்பதற்கான வாய்ப்புச் சரிபாதி. அதனைக் கேட்ட மாத்திரத்தே, தம் கையும் நாளை நடுங்கும் என்று பிள்ளைகள் அஞ்சுவர். மணப்பேச்சு நடக்கும் வீட்டில் அயலார் வாய்க்கு அது அவலாகும். அச்சம் பெரிது, உண்மை அத்துணைப் பெரிதன்று. விகாரம் ஒன்றைக் காவுவோர் எண்பது வயதை அடையும்போது அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முதல் மூவர் வரையே பார்க்கின்சன் நோய்க்கு ஆளாகின்றனர் என்று பல்வேறு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அதாவது, பெரும்பாலோர் அந்நோயைக் காணாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். மறுபுறத்தில், பார்க்கின்சன் நோயாளருட் பெரும்பாலோரிடம் இவ்விகாரம் இல்லை; நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேரிடமே அது காணப்படும். வயது, பிற பரம்பரையலகுகள், சூழலிலுள்ள சில நச்சுப்பொருள்கள் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் விகாரம் உடைய நோயாளருக்கு நோய் சில ஆண்டுகள் முந்தித் தொடங்குவதும், நினைவாற்றல் விரைந்து குன்றுவதும் மிகுதி என்பதை மறைத்தல் முறையன்று. முதியவரைப் பேணுவோர் அதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இவ்விகாரத்தைச் சோதித்தறிவதும் எளிதன்று. ஜீ.பீ.ஏ.1 பரம்பரையலகின் அருகிலேயே அதனைப் பெரிதும் ஒத்த, ஆனால் நொதியம் எதனையும் ஆக்காத, போலிப் பரம்பரையலகு ஒன்று அமைந்திருக்கின்றது. இரட்டைப் பிள்ளைகளுள் யார் எவர் என்று மயங்கும் ஆசிரியரைப்போலச் சோதனைக் கருவிகளும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதுண்டு. மேலும், விகாரங்கள் எல்லா மக்களிடத்தும் ஒரே தன்மையன அல்ல. ஐரோப்பிய வழிவந்த யூதரிடத்து ஒருவகை மிகுதி. இந்தியக் கோஷே நோயாளரிடத்து வேறொருவகை மிகுதி. நைஜீரிய மக்களை ஆராய்ந்தோர் 2023ஆம் ஆண்டில், ஐரோப்பியரிடம் ஏறக்குறைய இல்லாத ஒரு மாற்றத்தை இதே பரம்பரையலகிற் கண்டுபிடித்தனர். ஐரோப்பியரை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருந்தால் அது என்றும் வெளிப்பட்டிராது. தமிழரும் சோனகரும் சிங்களரும் கலந்து வாழும் மூதூர், கிண்ணியா, நிலாவெளி போன்ற ஊர்களின் மக்களைப் பற்றிய கணிப்பை வேறொரு நாட்டின் எண்ணைக்கொண்டு எழுதிவிட முடியாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

மருந்தின் நிலையையும் கூறவேண்டும். நடுக்குவாதத்துக்கு இன்றும் முதன்மையான மருந்து லெவோடோபா. பூனைக்காலி விதையில் அப்பொருள் இயற்கையாகவே உண்டு. அதனைப் பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரனும் இராமசுவாமியும் ஆவர். மூளையிற் குறைந்த டோபமைனை அம்மருந்து ஈடுசெய்யும். விகாரம் உடையவருக்கும் அது பயன்தரும். ஆனால் கலங்கள் மடிவதை அது நிறுத்துவதில்லை. கோஷே நோய்க்கு 1991ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் நொதியத்தையே ஊசிவழி ஏற்றும் முறை வழக்கிற்கு வந்தது. மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் அது நல்ல மருந்து. மூளைக்கோ இரத்தக் குழாய்களின் காவற்சுவர் ஒன்று உண்டு. அந்நொதியத்தை அச்சுவர் உள்ளே விடுவதில்லை. கொழுப்பு உண்டாவதையே குறைத்துப் பார்க்கலாம் என்று வெங்குளுஸ்டாட் என்னும் மருந்தைச் சோதித்தனர். அதனாற் பயன் விளையவில்லை. 2021ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

எஞ்சிய நம்பிக்கை எதிர்பாராத ஒரு மூலிகையின் வழியே வந்தது. ஈழத்து வேலியோரங்களில் ஆடாதோடைச் செடியை அறியாதவர் இலர். இருமலும் சளியும் கண்டால் அதன் இலையை அவித்துத் திப்பிலிப் பொடியும் தேனும் சேர்த்துக் கொடுப்பது பாட்டிமாரின் கைமருந்து. அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியில் 1960களில் ஒரு சளி மருந்து செய்தனர். அதன் வழியே தோன்றிய அம்புரொக்சோல் என்னும் மருந்து இன்று பல நாடுகளில் இருமற்பாணியாக விற்கப்படுகின்றது. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதியத்துக்கு உதவக்கூடிய மருந்து ஏதும் உண்டோ என்று பழைய மருந்துகளையெல்லாம் சலித்துத் தேடிய ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் இதனையே கண்டெடுத்தனர். வடிவு கெட்ட நொதியத்தைப் பற்றிப்பிடித்து நிமிர்த்தி, இலைசோசோம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கின்றது இம்மருந்து. தளர்ந்தவரைத் தோளிற் தாங்கி ஏணியேற்றும் துணையாளைப் போன்றது அது. மூளையின் காவற்சுவரையும் அது கடக்கின்றது என்பதை, 17 நோயாளரைக்கொண்டு இலண்டனில் நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சிறு சோதனை காட்டிற்று.

இச்செய்தியைக் கேட்டவுடன் கடைக்கு ஓடி இருமற்பாணியை வாங்கிக் குடிக்க எண்ணுவோர் இருப்பர். ஆடாதோடைக் கசாயத்தை மூன்று வேளையும் பருக முற்படுவோரும் இருப்பர். இரண்டும் தவறு. ஆடாதோடை இலையில் இருப்பது வாசிசினேயன்றி அம்புரொக்சோல் அன்று. அது ஆய்வுகூடத்தில் மாற்றியமைக்கப்பட்ட பொருள். அச்சோதனையில் நோயாளர் நாளொன்றுக்கு 1,260 மில்லிகிராம் மருந்து உட்கொண்டனர். சளிக்கு வளர்ந்தவர் ஒருவர் கொள்ளும் அளவோ 90 மில்லிகிராம் அளவினது. பதினான்கு மடங்கு மருந்தை வைத்தியர் மேற்பார்வையின்றி உட்கொள்வது விபரீதத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். லெவோடோபாவை நிறுத்திவிட்டு இதனை நாடுவது அதனினும் கொடிது; அம்மருந்தைத் திடீரென நிறுத்தியவர் உடல் விறைத்து, காய்ச்சல் மிகுந்து, உயிராபத்துக்கும் உள்ளாகக்கூடும்.

கனடாவில், பார்க்கின்சன் நோயோடு நினைவிழப்பும் கொண்ட 55 பேருக்கு ஓராண்டு அம்புரொக்சோல் கொடுத்துப் பார்த்த முடிவு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து தீங்கற்றது என்று தெரிந்தது. நினைவாற்றல் தேறியதென்று சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அவ்வாண்டிலேயே பிரித்தானியாவில் 330 நோயாளரைக்கொண்டு பெருஞ்சோதனை ஒன்று தொடங்கிற்று. அவர்களுட் சரிபாதியினர் ஜீ.பீ.ஏ.1 விகாரம் உடையவர்கள், ஏனையோர் அஃதில்லாதவர்கள். சிலருக்கு மெய்மருந்தும் சிலருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் இரண்டாண்டுகள் கொடுக்கப்படும். யாருக்கு எது கிடைக்கின்றது என்பதை நோயாளரும் அறியார். அவர்தம் நடையையும் கையையும் அளந்து குறிக்கும் வைத்தியரும் அறியார்.